‘உரிய துறை’ என்றொரு துறை

எங்கள் தெருமுனையில் மழைநீர் வடிகாலின் சிமெண்ட் மூடி ஒன்று உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. பகலில் பார்த்து ஒதுங்கிப் போகலாம். இரவில் தெரியாது. யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் குழிக்குள் காய்ந்த மரக்கிளை ஒன்றை நட்டு, அதன் உச்சியில் ஒரு சிவப்புத் துணியையும் கட்டிவிட்டுப் போயிருந்தார். நான் அதைப் படம் எடுத்து நகராட்சியின் முகநூல் பக்கத்தில் போட்டேன்.

பதினோரு நிமிடத்தில் பதில் வந்தது. “தங்கள் புகார் உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது. ஒத்துழைப்புக்கு நன்றி.” கூடவே கும்பிடும் கைகள் இரண்டு. எனக்குப் பெருமை தாளவில்லை. வீட்டில் எல்லாரிடமும் காட்டினேன். ஓர் அரசு அலுவலகம் பதினோரு நிமிடத்தில் எனக்குப் பதில் சொல்லியிருக்கிறதே!

மூன்று வாரம் கழித்து, மரக்கிளை சாய்ந்த பிறகு, இன்னொரு படம் போட்டேன். அதே பதில், அதே கைகள். இரண்டு மாதம் கழித்து மூன்றாவது முறை. இந்த முறை படம் போடாமல் “உரிய துறை என்பது எந்தத் துறை?” என்று மட்டும் கேட்டேன். “தங்கள் புகார் உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது” என்று பதில் வந்தது.

இடைப்பட்ட நாட்களில் அந்தப் பக்கம் சும்மா இருக்கவில்லை. திறப்பு விழாக்கள், தினங்களுக்கான வாழ்த்துகள், அதிகாரிகளின் கள ஆய்வுகள் என்று நாளுக்கு நான்கு பதிவுகள். கள ஆய்வுப் படங்களில் ஒரு விசேஷம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? எல்லாப் படத்திலும் ஒருவர் விரலை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருப்பார். சுற்றி நிற்கும் எட்டுப் பேர் அந்தத் திசையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் காட்டும் அந்த ‘எது’ மட்டும் ஒரு படத்திலும் இருக்காது.

கடைசியில் நேரில் போனேன். அந்தப் பக்கத்தை நடத்துவது மக்கள் தொடர்புப் பிரிவில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் என்று தெரிந்தது. இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஒரு மேசை, பழைய கணினி, சார்ஜரில் தொங்கிக்கொண்டிருந்த அவருடைய சொந்த போன். நான் சண்டை போடத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்துவிட்டது.

“உரிய துறை எங்கே இருக்கிறது அம்மா?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு போனை என் பக்கம் திருப்பினார். “இதுதான் சார் உரிய துறை.” பொறியாளர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. மேலே தள்ளிக்கொண்டே போனார். என் குழி இரண்டு இடங்களில் இருந்தது. இரண்டிலும் நீல நிற இரட்டைக் குறி. எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூட ஒன்றும் எழுதவில்லை. குழிக்கு மேலேயும் கீழேயும் யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூக்கள் இருந்தன.

“புகார்ப் பதிவேட்டில் ஏற்ற மாட்டீர்களா?”

“அது பொறியியல் பிரிவின் மென்பொருள் சார். எனக்குக் கடவுச்சொல் கிடையாது. முப்பது நிமிடத்துக்குள் பதில் போட வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு உத்தரவு.”

உள்ளாட்சிகளின் சமூக ஊடகக் கணக்குகளைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அந்த மேசையிலேயே கிடந்தது. வாய் ஒரு பிரிவில் இருக்கிறது, கை இன்னொரு பிரிவில் இருக்கிறது. நடுவே நரம்பு கிடையாது. மக்கள் கேட்பது கையை. நகராட்சி நீட்டுவது வாயை. அதற்கு அழகான வார்ப்புரு, வண்ணப் பட்டை, மேலே சின்னம், கீழே ஹேஷ்டேக். எந்த ஊடகத்தில் கணக்கு தொடங்கலாம், காணொளி எத்தனை நொடி இருக்க வேண்டும், எந்த நேரத்தில் பதிவிட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்றெல்லாம் ஆலோசனை சொல்லப் பலர் இருக்கிறார்கள். நரம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த நரம்பை ஒட்டிக் காட்டிய ஊர் ஒன்று உண்டு. தெற்கு ஸ்பெயினில், கிரானடா நகரை ஒட்டியிருக்கும் ஹூன் என்ற சிற்றூர். மக்கள் தொகை ஏறத்தாழ 3,500. அதன் மேயராக இருந்த ஹோசே அந்தோனியோ ரோட்ரிகஸ் சாலாஸ் 2011 முதல் ஊர்க்காரர்களை ட்விட்டரில் கணக்கு தொடங்கச் சொன்னார். அதோடு விடவில்லை. நகர்மன்றத்துக்கு நேரில் வந்து, இது என் கணக்குதான் என்று உறுதிசெய்துவிட்டுப் போகச் சொன்னார். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வில்லியம் பவர்ஸும் டெப் ராயும் இந்த ஊரைப் பற்றி 2015-இல் விரிவாக எழுதினார்கள். (அவர்கள் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு நிதி கொடுத்ததே ட்விட்டர்தான். அதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.)

அவர்கள் எடுத்துக்காட்டிய ஒரு சம்பவம் மிகச் சாதாரணமானது, அதனாலேயே எனக்குப் பிடித்தது. ஒருவர் இரவு பத்து மணிக்கு மேல் தன் தெருவில் விளக்கு எரியவில்லை என்று மேயரைக் குறிப்பிட்டு எழுதுகிறார். சில நிமிடங்களில் மேயரின் பதில் வருகிறது, நாளை சரிசெய்யப்படும் என்று. அந்தப் பதிலில் ஊரின் மின்பணியாளருடைய கணக்கும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. மறுநாள் அந்த மின்பணியாளரே சரிசெய்த விளக்கின் படத்தைப் போடுகிறார். அவ்வளவுதான் கதை. கேட்டவர், பொறுப்பேற்றவர், செய்தவர் மூவரும் ஒரே இழையில், ஊரே பார்க்க நிற்கிறார்கள். தெருக்கூட்டும் பணியாளருக்கும் அங்கே கணக்கு இருந்தது. யாரும் பார்க்காமல் விடியற்காலையில் வேலை செய்துவிட்டுப் போகும் ஒருவருக்கு ஊர் நேராக நன்றி சொன்னது. இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்க்க முடிவதுதான் இதன் சூட்சுமம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். ‘உரிய துறை’ என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. துறைக்கு முகம் இருந்தது.

3,500 பேர் உள்ள ஊரில் செய்ததை மூன்று லட்சம் பேர் உள்ள நகரத்தில் செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்பது நியாயம். மேயரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்வது முடியாது. முயன்று பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் நியூவார்க் நகர மேயராக இருந்த கோரி புக்கர். 2010 டிசம்பரில் பெரும் பனிப்புயல் அடித்தபோது, ட்விட்டரில் உதவி கேட்டவர்களின் வீடுகளுக்கு மண்வாரியோடு தானே போனார். வீட்டில் சிக்கிக்கொண்ட ஒரு தாய்க்குக் குழந்தையின் டயப்பர் கொண்டுபோய்க் கொடுத்தார். உலகமே பாராட்டியது. நானும் அன்று பாராட்டினேன். இன்று யோசித்தால், இரண்டே முக்கால் லட்சம் பேர் வாழும் நகரத்தில் மேயர் கையில் ஒரு மண்வாரி என்பது செய்திக்குத்தான் பெரிது. அன்று ட்விட்டரில் இல்லாதவரின் வாசலில் பனி அப்படியே கிடந்திருக்கும். வீரதீரம் ஒரு நாளுக்குப் போதும். மற்ற 364 நாட்களுக்குப் பதிவேடு வேண்டும். ஹூனிலிருந்து பெரிய நகரம் எடுத்துக்கொள்ள வேண்டியது மேயரின் சுறுசுறுப்பை அல்ல. பதிலிலேயே செய்யப்போகிறவரைக் குறிப்பிட்ட அந்தப் பழக்கத்தை. மேயருக்குப் பதில் வார்டு பொறியாளர், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதிவேடு என்றதும் நான் என் பங்குக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று அந்தப் பெண் என்னைப் பொறியாளர் ஒருவரிடம் அழைத்துப் போனார். அவர் என் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, “இது எந்த இடம்?” என்று கேட்டார். தெருவின் பெயரைச் சொன்னேன். “அந்தத் தெரு முக்கால் கிலோமீட்டர் சார். வடிகால் இரண்டு பக்கமும் போகிறது. மூடி மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கும். பக்கத்தில் மின்கம்பம் இருக்குமே, அதன் எண்ணைப் போட்டிருந்தால் ஆள் நேராகப் போயிருப்பான்.” நான் குழியையும் சிவப்புத் துணியையும் கலைநயத்தோடு நெருக்கத்தில் எடுத்திருந்தேன். கம்பம் சட்டகத்துக்கு வெளியே நின்றது. மூன்று மாதம் திட்டித் தீர்த்தவன் ஒரு கம்ப எண்ணைக் கொடுக்கவில்லை. ஆனால் கம்ப எண் வேண்டும் என்று அந்தப் பக்கமும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே! கும்பிடும் கைகளுக்குப் பதிலாக “அருகிலுள்ள கம்பத்தின் எண் என்ன?” என்று கேட்டிருந்தால் அந்தப் பதினோரு நிமிடத்துக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

பிரிட்டனில் மைசொசைட்டி என்ற அமைப்பு 2007-இல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற புகார் இணையதளம் இந்த இடத்தைத்தான் பிடித்தது. வரைபடத்தில் இடத்தைத் தொட்டுக் காட்டினால், அது எந்த உள்ளாட்சியின் எல்லை என்று அதுவே கண்டுபிடித்து அனுப்பிவைக்கிறது. எந்தப் பள்ளம் யாருடையது என்று குடிமகன் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை. இன்னொரு ஏற்பாடு அதைவிட முக்கியம். நான்கு வாரம் கழித்து, புகார் கொடுத்தவரிடமே “சரியாகிவிட்டதா?” என்று அது கேட்கிறது. ‘தீர்க்கப்பட்டது’ என்று கோப்பை மூடும் அதிகாரம் கொஞ்சமாவது குடிமகன் பக்கம் வருகிறது. எத்தனையோ இடங்களில் புகார்கள் எப்படித் ‘தீர்க்கப்படுகின்றன’ என்று நமக்குத் தெரியும். மாதக் கடைசியில் எண்ணிக்கையைக் காட்ட வேண்டுமென்றால் குழியை மூடுவதைவிடக் கோப்பை மூடுவது எளிது.

சமூக ஊடகக் கணக்கை இப்படி ஒரு பதிவேட்டோடு கட்டிவிட்டால் மீதி வேலைகள் தாமாக ஒழுங்காகும் என்பது என் எண்ணம். பின்னூட்டத்தில் வரும் ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண். பதிலில் அந்த எண்ணும், வேலையைச் செய்யவேண்டிய பிரிவின் பெயரும், ஒரு தேதியும். தேதி தவறினால் இன்னொரு பதிலும் அதற்கான காரணமும். வேலை முடிந்ததும் படம். முடியாது என்றால் முடியாது என்ற பதில். இந்தக் கடைசிப் பதிலுக்குத்தான் அலுவலகங்கள் நடுங்குகின்றன. “இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் இந்தத் தெரு இல்லை, அடுத்த ஆண்டுப் பட்டியலில் ஏழாவதாக இருக்கிறது” என்று சொன்னால் நான் முணுமுணுத்துவிட்டு மரக்கிளைக்குப் புதுத் துணி கட்டப் போயிருப்பேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற சொல்தான் மனிதனை வெறிபிடிக்க வைக்கிறது.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969-இல் மக்கள் பங்கேற்புக்கு எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணி வரைந்தார். அடியிலுள்ள இரண்டு படிகள் பங்கேற்பே இல்லை, மக்களை வசப்படுத்துவதும் தட்டிக்கொடுத்து உட்காரவைப்பதும்தான். நடுவே தகவல் சொல்லுதல், கருத்துக் கேட்டல், சமாதானப்படுத்தல். இந்த மூன்றையும் அவர் ஒப்புக்குச் செய்வது என்றார். கூட்டுப்பொறுப்பு, அதிகாரத்தை ஒப்படைத்தல், மக்களின் கட்டுப்பாடு ஆகிய மேல் மூன்று படிகளில்தான் அதிகாரம் உண்மையில் கைமாறுகிறது. ஃபேஸ்புக் வருவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வரைந்த ஏணி. நான் பார்த்த நகராட்சிப் பக்கங்கள் அத்தனையும் மூன்றாவது படியில் ஏறி நின்று கையசைத்துக்கொண்டிருக்கின்றன.

நான்காவது படிக்கு ஏறப்போகிறோம் என்று சில இடங்களில் கருத்துக் கணிப்பு வைக்கிறார்கள். பூங்காவின் சுவருக்கு நீலமா பச்சையா என்று. சுவரே வேண்டுமா என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வண்ணப்பூச்சு ஏற்கெனவே வாங்கியாகியிருக்கும். பதில் எதையாவது மாற்றக்கூடிய காலத்தில் கேட்டால்தான் அது கேள்வி. பார்சிலோனா 2016-இல் தன் நான்காண்டுத் திட்டத்தை வகுக்கும்போது டெசிடிம் என்ற தனித் தளத்தை அமைத்து மக்களிடம் முன்மொழிவுகளைக் கேட்டது. பத்தாயிரத்துக்கும் மேல் குவிந்தன. நேர்க்கூட்டங்களில் சொல்லப்பட்டவையும் அதே தளத்தில் ஏறின. ஏற்றதா இல்லையா, இல்லையென்றால் ஏன் என்று முன்மொழிந்தவர் அங்கேயே பார்க்க முடிந்தது. கவனியுங்கள், இதற்கு அவர்கள் ஃபேஸ்புக்கை நம்பவில்லை. பத்தாயிரம் யோசனைகளை வகைபிரித்து, தேடி, ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க அது ஏற்ற இடம் அல்ல. ஃபேஸ்புக்கின் வேலை ஆளைக் கூட்டி வருவது, வாசல்வரை கொண்டுவந்து விடுவது.

அந்த வாசலும் வாடகை வாசல் என்பதை மறக்கக்கூடாது. 2023 ஏப்ரலில், ட்விட்டர் தன் தானியங்கிப் பதிவு வசதிக்குப் பணம் கேட்கத் தொடங்கியபோது, நியூயார்க்கின் ரயிலையும் பஸ்ஸையும் நடத்தும் எம்டிஏ என்ற அமைப்பு, சேவை அறிவிப்புகளை அங்கே வெளியிடுவதை நிறுத்திவிட்டது. ரயில் தாமதமா என்று அங்கே பார்த்துப் பழகியவர்கள் ஒரே நாளில் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. பிறகு பொதுச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு என்று நிறுவனம் இறங்கிவந்தது. வாடகை வீட்டில் விழா நடத்தலாம். பத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு வரக்கூடாது. குடிநீர் நிறுத்தம், வெள்ள எச்சரிக்கை போன்றவற்றின் மூலப்பிரதி நகராட்சியின் சொந்த இணையதளத்தில் இருக்கட்டும். மற்ற எல்லா இடத்திலும் அதன் நகல் போகட்டும்.

வெள்ளம் என்றதும் நினைவுக்கு வருவது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து காவல் துறை. உள்ளாட்சி இல்லைதான், ஆனாலும் பாடம் பொது. 2011 ஜனவரி வெள்ளத்தின்போது வதந்திகள் தண்ணீரைவிட வேகமாகப் பரவின. அவர்கள் ‘மித்பஸ்டர்’ என்ற ஹேஷ்டேகில் ஒவ்வொரு வதந்தியையும் எடுத்து, இது தவறு, உண்மை இது என்று அவ்வப்போது எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒப்புதலுக்காகக் கோப்பு நாலு மேசை சுற்றி வந்திருந்தால் அது நடந்திருக்காது. பக்கத்தை நடத்துபவருக்கு நெருக்கடி நேரத்தில் தானே பேச எவ்வளவு உரிமை என்பதை அமைதியான நாளில் தீர்மானித்து வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் இளம்பெண்ணுக்கோ அரசு விடுமுறையைக்கூட மேலதிகாரி பார்த்து ‘சரி’ போட்ட பிறகுதான் அறிவிக்க அனுமதி.

திட்டுகிறவர்களை என்ன செய்வது? நீக்குவதும் தடைசெய்வதும் அதிகாரிகளுக்கு மிகவும் பிடித்த பொத்தான்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், போர்ட் ஹூரான் நகர நிர்வாகத்தை நடத்தும் அதிகாரியான நகர மேலாளர் ஒருவர் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் குடும்பப் படங்களையும் போடுவார், நகர அறிவிப்புகளையும் போடுவார். கொரோனா காலத்தில் நகரத்தின் செயல்பாட்டைக் குறைகூறிய ஒருவரின் பின்னூட்டங்களை நீக்கி, பிறகு அவரையே தடைசெய்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 மார்ச்சில் ஒருமனதான தீர்ப்பு வந்தது. அதிகாரிக்கு அரசின் சார்பில் பேச உண்மையான அதிகாரம் இருந்து, அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தைக் காட்டியும் பேசினால்தான் அது அரசின் செயலாகும் என்று அளவுகோல் வகுத்தார்கள். எனக்கு இதில் படுவது எளிமையானது. நாய்க்குட்டி படமும் நகராட்சி அறிவிப்பும் ஒரே பக்கத்தில் இருந்தால் வினைதான். பதவிக்கென்று ஒரு கணக்கு இருக்கட்டும். ஆள் மாறினால் கடவுச்சொல்லோடு அடுத்தவரிடம் போகட்டும். தலைவர்கள் சொந்தப் பக்கத்திலேயே நகராட்சியை நடத்தினால், தேர்தலுக்குப் பிறகு பின்தொடர்பவர்கள் அவரோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள், பழைய புகார்களும் பதில்களும் சேர்ந்து போய்விடும்.

ஒரு சங்கடம் மட்டும் எனக்குத் தீரவில்லை. பின்னூட்டம் எழுதுபவர்கள் யார்? என்னைப் போல நேரமும் போனும் கோபமும் உள்ளவர்கள். பாஸ்டன் நகரம் முன்பு ஸ்ட்ரீட் பம்ப் என்றொரு செயலியைக் கொண்டுவந்தது. காரில் போனை வைத்துக்கொண்டு ஓட்டினால், குலுங்குவதை வைத்தே அது பள்ளங்களைக் கண்டுபிடிக்கும். சிக்கல் என்னவென்றால், காரும் விலையுயர்ந்த போனும் அதிகம் உள்ள பகுதிகளின் பள்ளங்கள்தான் அதில் அதிகம் தெரியும். ஏழைகளின் பகுதியில் சாலை வழவழப்பாக இருப்பதுபோலத் தோன்றும். நகராட்சிப் பக்கத்துக்கும் இதே கதி. அதில் வரும் புகார்களை வைத்து வேலையை வரிசைப்படுத்தினால், சத்தம் போடத் தெரிந்த தெருவுக்குத் தார் போடப்படும். புகாரே வராத வார்டைக் கண்டால் மகிழ்வதைவிட, அங்கே ஒருவரை நடந்துபோய்ப் பார்த்துவரச் சொல்வது நல்லது.

எங்கள் குழி ஒருவழியாக மூடப்பட்டது. கம்ப எண்ணைக் கொடுத்த நான்காம் நாள். அதன் பிறகு அந்தப் பெண்ணோடு அவ்வப்போது பேசுவதுண்டு. பொறியாளரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பதிவேட்டைப் பார்க்க மட்டும் அனுமதி வாங்கிவிட்டார். எழுத முடியாது, பார்க்கலாம். அதை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பட்டியல் போடத் தொடங்கினார். வண்ணமில்லை, படமில்லை. இந்த வாரம் வந்தவை, முடிந்தவை, முடியாதவை, முடியாததற்குக் காரணம். ‘மூடி கையிருப்பில் இல்லை’, ‘ஒப்பந்ததாரர் வரவில்லை’, ‘இடம் தெரியவில்லை, கம்ப எண் தேவை’ என்று ஒவ்வொன்றின் எதிரேயும் நாலைந்து சொற்கள்.

முதல் வெள்ளிக்கிழமை வசவுகள் கொட்டின. இத்தனை பாக்கியா, வெட்கமாக இல்லையா என்று. பட்டியலை எடுத்துவிடச் சொல்லி மேலிருந்து ஓர் அழைப்பும் வந்ததாம். அவர் எப்படியோ இழுத்தடித்தார். இரண்டாம் வாரம் வசவு கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் வெள்ளிக்கிழமை இரவு எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். யாரோ ஒருவர், முகப்புப் படம்கூட இல்லாத கணக்கு, பின்னூட்டத்தில் எழுதியிருந்தார்: “பதினான்காவது வரிசையில் உள்ள குழி தெருவின் மேற்கு முனையில் இல்லை, கிழக்கு முனையில். கம்ப எண் 27. நான் இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திருத்திக்கொள்ளவும்.”